நல்ல, நன்றாக: எல்லைப்புறப் பிள்ளைகளும் ஆங்கில இலக்கணமும்



வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் நாலு பேர் கூடினால், பேச்சு சுற்றி வளைத்துப் பிள்ளைகளின் ஆங்கிலத்தில்தான் வந்து நிற்கிறது. யார் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது, ஆங்கிலம் சரளமாக வருகிறதா என்று விசாரிப்போம். பேச்சின் முடிவில் யாராவது ஒருவர் அறிவுரையும் சொல்வார்: “வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்துங்கள், ஆங்கிலம் தானாக வந்துவிடும்.”

இந்த அறிவுரை தவறானது என்பது என் தாழ்மையான கருத்து. இதைப் பொதுவாகச் சொன்னால் வெறும் மொழிப்பற்று என்று தள்ளிவிடுவார்கள். ஆகவே ஆங்கிலத் தொடக்க இலக்கணத்திலிருந்து ஒரே ஒரு சிறு பாடத்தை எடுத்துக்கொண்டு, தமிழ் அறிந்த பிள்ளைக்கு அது எவ்வளவு எளிது என்பதையும், எந்த இடத்தில் இடறும் என்பதையும் இங்கே காட்ட விரும்புகிறேன்.

நான் இருப்பது கேரளத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடைப்பட்ட ஒரு கிராமத்தில். மாலை நேரங்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் தமிழும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பாறசாலையைத் தாண்டினால் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்கிவிடும். 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநில எல்லைகள் திருத்தி வரையப்பட்டபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் அன்றைய சென்னை மாநிலத்தில் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு போட்டதால் கொள்வினை கொடுப்பினை நின்றுவிடவில்லை. திருமணத்தாலும் தொழிலாலும் வேலையாலும் இந்தப் பக்கம் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இன்றும் ஏராளம். கோடு வருவதற்கு நெடுங்காலம் முன்பே வந்தவர்களும் உண்டு. நெய்யாற்றின்கரை தாலுகாவிலுள்ள பலராமபுரத்துக் கைத்தறி நெசவே, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து திருவிதாங்கூர் அரசு அழைத்துவந்து குடியமர்த்திய சாலியர் நெசவாளர்களால் வளர்ந்ததுதான்.

இங்கே ஒரு பிள்ளைக்கு வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், பள்ளியில் ஆங்கிலம். மூன்று மொழிகளுக்கு நடுவே வளரும் பிள்ளைக்கு எதை விடுவது, எதைப் பிடிப்பது என்று பெற்றோர் கலங்குவது இயல்பே. சென்ற ஆண்டு ஒரு தாய் வந்து, “சாரே, வீட்டுல தமிழ் பேசப்பிடாதுன்னு பள்ளியில சொல்லிட்டாவ. பிள்ளைக்க இங்கிலீசு கெட்டுப்போவுமாம்” என்றார். அவர் குரலில் இருந்தது கோபமல்ல, பயம். அந்தப் பயத்துக்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

பாடம் என்ன?

நான்காம், ஐந்தாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகங்களில் கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சி ஒன்று வரும். ‘ஸ்லோ’ என்று எழுதுவதா, ‘ஸ்லோலி’ என்று எழுதுவதா? ‘பியூட்டிஃபுல்’ வருமா, ‘பியூட்டிஃபுல்லி’ வருமா? ‘குட்’டா, ‘வெல்’லா? அதாவது, அட்ஜெக்டிவ் எனும் பெயரடைக்கும், ஒரு செயல் நடந்த விதத்தைச் சொல்லும் அட்வெர்ப் எனும் வினையடைக்கும் இடையே சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பெரும்பாலான பிள்ளைகள் இதில் குத்துமதிப்பாகவே எழுதுகிறார்கள். ‘லி’ போட்டால் அழகாக இருக்கும் என்று எல்லாவற்றுக்கும் ‘லி’ போடும் பிள்ளை ஒரு பக்கம். ‘லி’ பக்கமே போகாத பிள்ளை மறுபக்கம். “பெயர்ச்சொல்லைச் சிறப்பித்தால் அட்ஜெக்டிவ், வினைச்சொல்லைச் சிறப்பித்தால் அட்வெர்ப்” என்று ஆங்கிலத்திலேயே விதியை மனப்பாடம் செய்து ஒப்பிக்கவும் செய்வார்கள். விதி வாயில் இருக்கும். கை தவறாக எழுதும்.

விடை நம் நாவில் இருக்கிறது

அந்தப் பிள்ளையிடம் தமிழில் இப்படிக் கேளுங்கள். “பலராமபுரத்துத் தறிக்காரர் நேர்த்தி... வேட்டியை நெய்தார். இதில் நடுவே என்ன வரும்?” பிள்ளை யோசிக்காமல் “நேர்த்தியான வேட்டி” என்று சொல்லும். “வேட்டியை நேர்த்தி... நெய்தார்” என்றால் “நேர்த்தியாக நெய்தார்” என்று சொல்லும். ‘நேர்த்தியாக வேட்டி’ என்றோ ‘நேர்த்தியான நெய்தார்’ என்றோ எந்தத் தமிழ்ப் பிள்ளையும் சொல்லாது. நாலு வயதுப் பிள்ளைகூடச் சொல்லாது.

இவ்வளவுதான் பாடம். ‘ஆன’ வரும் இடத்தில் அட்ஜெக்டிவ்; ‘ஆக’ வரும் இடத்தில் அட்வெர்ப். அழகான பாட்டு என்றால் ‘பியூட்டிஃபுல்’. அழகாகப் பாடினாள் என்றால் ‘பியூட்டிஃபுல்லி’. மெதுவான வண்டி ‘ஸ்லோ’. மெதுவாகப் போனது ‘ஸ்லோலி’. நல்ல பையன் ‘குட்’. நன்றாகப் படிக்கிறான் ‘வெல்’. ஆங்கிலம் இங்கே புதிதாக எதையும் கேட்கவில்லை. தமிழ்ப் பிள்ளை பேசத் தொடங்கிய நாள் முதல் செய்துவரும் தேர்வையே ஆங்கிலமும் கேட்கிறது.

நம் இலக்கணப் பெரியோர் இதற்கு இட்ட பெயர்களும் மிகப் பொருத்தமானவை. தொல்காப்பியர் பெயரெஞ்சு கிளவி என்றும் வினையெஞ்சு கிளவி என்றும் சொன்னார். நன்னூலார் காலத்தில் அவை பெயரெச்சம், வினையெச்சம் என நின்றன. எச்சம் என்றால் முடியாமல் எஞ்சி நிற்பது. பெயரைக் கொண்டு முடிவது பெயரெச்சம். வினையைக் கொண்டு முடிவது வினையெச்சம். ‘ஆகு’ என்னும் வினையின் பெயரெச்சமே ‘ஆன’. அதன் வினையெச்சமே ‘ஆக’, ‘ஆய்’. ‘அழகான’ என்று சொல்லி நிறுத்தினால் கேட்பவர் மனம் ஒரு பெயருக்காகக் காத்திருக்கிறது. ‘அழகாக’ என்று நிறுத்தினால் ஒரு வினைக்காகக் காத்திருக்கிறது. ஆங்கிலத்து ‘அட்வெர்ப்’ என்னும் சொல்லும் லத்தீனில் ‘வினையைச் சேர்ந்தது’ என்ற பொருளுடையதே.

எல்லைப்புறப் பிள்ளைக்கு இன்னொரு வசதியும் உண்டு. மலையாள இலக்கணத்திலும் இவற்றுக்குப் பேரெச்சம், வினையெச்சம் என்றே பெயர். ஏ.ஆர். ராஜராஜ வர்மா 1896இல் வெளியிட்ட ‘கேரள பாணினீயம்’ இந்தச் சொற்களையே ஆள்கிறது. தமிழில் ‘ஆன’, ‘ஆக’ செய்யும் வேலையை மலையாளத்தில் ‘ஆய’, ‘ஆயி’ செய்கின்றன. வீட்டிலும் தெருவிலும் இரண்டு சாவிகள் கையில் இருக்க, பள்ளி வாசலில் இரண்டையும் கீழே போட்டுவிட்டு வா என்று பிள்ளையிடம் சொல்கிறோம்.

இடறும் இடங்கள்

தமிழ் தெரிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. தமிழாலேயே பிள்ளை இடறும் இடங்கள் உண்டு. அவற்றை மறைக்காமல் எடுத்துச் சொல்லிக்கொடுத்தால்தான் பயன்.

முதலாவது, நம் பேச்சு வழக்கு. “வேகம் வா”, “சீக்கிரம் போ”, “பைய நட” என்றுதான் இங்கே பேசுகிறோம். மலையாளத்திலும் “வேகம் வா” என்பதே வழக்கு. ‘ஆக’ இல்லாமலே வினையடை வேலை நடந்துவிடுகிறது. இந்தப் பழக்கத்தில் பிள்ளை ‘ஹி ரான் குயிக்’ என்று எழுதுகிறது. அதோடு, ஆங்கிலச் சொற்களைத் தமிழில் கலக்கும்போது, “ஸ்லோவாப் போ”, “சேஃபாப் போய்ட்டு வாங்க”, “நீட்டா எழுது” என்கிறோம். இங்கே ‘ஸ்லோ’, ‘சேஃப்’, ‘நீட்’ என்ற ஆங்கிலப் பெயரடைகளை எடுத்துக்கொண்டு, வினையடை ஆக்கும் வேலையைத் தமிழ் ‘ஆ’விடம் ஒப்படைத்துவிடுகிறோம். பிள்ளை ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த ‘ஆ’ போய்விடுகிறது. ‘லி’ வந்து சேருவதில்லை. மருந்து எளிது: “நீ சொல்லும் ‘ஸ்லோவா’வில் உள்ள ‘ஆ’தான் ஆங்கிலத்தில் ‘லி’ ” என்று ஒருமுறை காட்டிவிட்டால் போதும்.

இரண்டாவது, இதைவிடப் பெரிய இடறல். தமிழில் ‘இரு’ என்னும் வினையோடும் ‘ஆக’ வரும். “அவள் அழகாக இருக்கிறாள்” என்கிறோம். ‘ஆக’ என்றால் ‘லி’ என்று மட்டும் கற்ற பிள்ளை ‘ஷி இஸ் பியூட்டிஃபுல்லி’ என்று எழுதிவிடும். ஆங்கிலத்தில் இங்கே ‘பியூட்டிஃபுல்’ என்பதே சரி.

எங்கள் ஊர் மரச்சீனியை வைத்தே இதை விளக்கலாம். “மரச்சீனி நல்லா வெந்திருக்கு.” வெந்தது ஒரு செயல், அது நடந்த விதத்தை ‘நல்லா’ சொல்கிறது, ஆகவே ‘வெல்’. “மரச்சீனி நல்லா இருக்கு.” இங்கே செயல் ஒன்றும் நடக்கவில்லை; மரச்சீனியின் தன்மையைத்தான் சொல்கிறோம்; ஆகவே ‘குட்’. தமிழில் சொல் ஒன்றுதான். ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரிகிறது.

ஐயம் வந்தால் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. அந்தச் சொல்லைப் பெயருக்கு முன்னால் கொண்டுபோய் வையுங்கள். பொருள் மாறாமல் நின்றால் அட்ஜெக்டிவ், மாறினால் அட்வெர்ப். “மரச்சீனி நன்றாக இருக்கிறது” என்பதை “நல்ல மரச்சீனி” என்று திருப்பலாம், பொருள் கெடவில்லை. “அவள் அழகாகப் பாடுகிறாள்” என்பதை “அழகான அவள்” என்று திருப்பினால் பாட்டு போய் முகம் வந்துவிடுகிறது. ஆகவே அது அட்வெர்ப். இந்தச் சோதனையைப் பிள்ளைகள் ஒரு விளையாட்டாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆங்கிலத்தில் ‘லுக்’, ‘சவுண்ட்’, ‘ஸ்மெல்’, ‘டேஸ்ட்’, ‘ஃபீல்’ என்று ஐம்புலன்களைச் சார்ந்த ஐந்து வினைகள் உண்டு. ஒரு பொருள் நமக்கு எப்படிப் படுகிறது என்று சொல்லும்போது இவற்றின் பின்னும் அட்ஜெக்டிவ்தான் வர வேண்டும். இதைத் தனி விதியாகவே பள்ளியில் மனப்பாடம் செய்விக்கிறார்கள். தமிழில் இவற்றை எப்படிச் சொல்கிறோம்? பார்க்க அழகாக இருக்கிறது. கேட்க இனிமையாக இருக்கிறது. சாப்பிட ருசியாக இருக்கிறது. தொட மிருதுவாக இருக்கிறது. தமிழே அங்கு ‘இருக்கிறது’ என்று சொல்லி வழிகாட்டுகிறது. ஆகவே தமிழ்ப் பிள்ளைக்கு ஒரே விதி போதும்: ‘ஆக’வின் பின்னே செயல் வந்தால் அட்வெர்ப், ‘இரு’ வந்தால் அட்ஜெக்டிவ். தமிழை மறந்த பிள்ளைக்கு இந்த உதவி கிடையாது. ஐந்து வினைகளையும் அது தனித்தனியே உருப்போட வேண்டும்.

‘இரு’ வந்து நிற்கும் வாக்கியங்களில் ‘வெல்’ வரும் இடமும் ஒன்று உண்டு. உடம்பு நலமாக இருக்கிறது என்னும்போது ‘ஐ ஆம் வெல்’ என்பார்கள். அங்கே ‘வெல்’ என்பது ‘நலமான’ என்ற பொருளுடைய அட்ஜெக்டிவே. எனவே விதி கெடவில்லை.

மூன்றாவது வகை இடறல்களுக்குத் தமிழ் காரணமல்ல, ஆங்கிலமே காரணம். ‘ஃபாஸ்ட்’ என்பது வேகமான வண்டிக்கும் வேகமாக ஓடுவதற்கும் ஒன்றே, ‘ஃபாஸ்ட்லி’ கிடையாது. ‘ஹார்ட்’ என்றால் கடினமாக. ‘ஹார்ட்லி’ என்றால் அரிதாக, அநேகமாக இல்லை. “கடினமாக உழைத்தான்” என்று சொல்ல வந்து ‘ஹார்ட்லி’ என்று எழுதினால், உழைக்கவே இல்லை என்று பொருளாகிவிடும். ‘லேட்’ என்றால் தாமதமாக. ‘லேட்லி’ என்றால் அண்மைக்காலமாக. ‘ஃப்ரெண்ட்லி’, ‘லவ்லி’ ஆகியவை ‘லி’யில் முடிந்தாலும் அட்ஜெக்டிவ்கள். பழைய ஆங்கிலத்தில் வினையடைக்குச் சொல்லின் இறுதியில் ஒரு சிறு உயிரொலி இருந்தது. காலப்போக்கில் அது தேய்ந்துபோகவே, ‘ஃபாஸ்ட்’ போன்ற சொற்களில் இரண்டு வடிவங்களும் ஒன்றாகிவிட்டன. இப்படிப்பட்ட பத்துப் பன்னிரண்டு சொற்களைப் பிள்ளை உருப்போடத்தான் வேண்டும். அந்த உழைப்பை இங்கே செலவிட, மற்ற இடங்களில் தமிழ் அதற்கு நேரத்தை மிச்சப்படுத்தித் தருகிறது.

மறுப்புகளுக்கு மறுமொழி

“ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே கற்க வேண்டும், தாய்மொழியை இடையில் கொண்டுவந்தால் குழப்பம்” என்று சிலர் சொல்வர். ஆங்கிலத்தில் நிறையக் கேட்கவும் பேசவும் வேண்டும் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் மனம் வெறும் பலகை அல்ல. மேலே சொன்ன ‘ஸ்லோவா’வைப் பாருங்கள். வகுப்பில் தமிழைத் தடுத்தாலும் தமிழ் பிள்ளைக்குள் வேலை செய்துகொண்டேதான் இருக்கிறது. அதை வெளியே எடுத்து ஒப்பிட்டுக் காட்டினால் உதவியாகிறது. மூடி வைத்தால் இடறலாகிறது.

ஆங்கிலேயர்கள் தமிழ் கற்ற விதத்தையும் எண்ணிப் பாருங்கள். ஜி.யு. போப் அவர்கள் 1850களில், தம்மவர் தமிழ் கற்பதற்கென்று ஒரு கைந்நூலை ஆங்கிலத்தில் எழுதினார். தமிழில் பெயரோடு ‘ஆய்’, ‘ஆக’ சேர்ந்து வினையடை உண்டாகிறது என்பதை ஆங்கிலத்தின் வாயிலாகவே அவர் விளக்கினார். ஆங்கிலேயர் தம் தாய்மொழியின் வழியாகத் தமிழைக் கற்பது முறை என்றால், தமிழ்ப் பிள்ளை தன் தாய்மொழியின் வழியாக ஆங்கிலத்தைக் கற்பது எப்படிக் குறையாகும்?

“ஆங்கிலேயர்களே இப்போதெல்லாம் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை; சாலைப் பலகையில் ‘கோ ஸ்லோ’ என்று இருக்கிறது; 1997இல் ஆப்பிள் கம்ப்யூட்டர் நிறுவனம் ‘திங்க் டிஃபரென்ட்’ என்று உலகமெல்லாம் விளம்பரம் செய்தது; நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?” என்பது இன்னொரு மறுப்பு. தெரிந்து விதியை மீறுவது வேறு. தெரியாமல் தவறுவது வேறு. தேர்வுத்தாளிலும் வேலைக்கான விண்ணப்பத்திலும் நம் பிள்ளைக்கு அந்தச் சலுகையை யாரும் தரப்போவதில்லை.

இந்த வேறுபாட்டை எல்லா மொழிகளும் ஒரே விதமாகக் காட்டுவதில்லை. ஜெர்மன் மொழியில் வேகமான என்பதற்கும் வேகமாக என்பதற்கும் அகராதியில் ‘ஷ்நெல்’ என்ற ஒரே சொல்தான். பிரெஞ்சுக்காரர் வினையடைக்குச் சேர்க்கும் ‘மாங்’ என்னும் விகுதி, மனம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்து ‘லி’, உடல் அல்லது வடிவம் என்று பொருள்பட்ட பழஞ்சொல்லிலிருந்து வந்தது. நம்முடையது ‘ஆகு’ என்னும் வினையிலிருந்து வந்தது. இதையெல்லாம் ஒரு பிள்ளைக்குக் கதைபோலச் சொல்லிப் பாருங்கள். இலக்கணம் என்றாலே ஓடும் பிள்ளையும் உட்கார்ந்து கேட்கும்.

நாம் செய்யக்கூடியவை

நம் அரசியலமைப்புச் சட்டத்தில் 1956இல் சேர்க்கப்பட்ட 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்யுமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொள்கிறது. கேரள அரசு தமிழ்வழிப் பாடநூல்களையும் வெளியிட்டு வருகிறது. 2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்டக் கட்டமைப்பு, வகுப்பறையில் பல மொழிகள் இருப்பதை ஒரு வளமாகக் கருதச் சொன்னது. சட்டமும் திட்டமும் நம் பக்கம் இருக்கின்றன. ஆனால் பிள்ளைகளை ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்த்துவிட்டுத் தமிழைப் பேச்சோடு நிறுத்திக்கொள்ளும் குடும்பங்கள் எங்கள் பக்கம் பெருகிவருகின்றன. அவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. வேலைக்கு ஆங்கிலம் வேண்டும் என்ற அவர்கள் கணக்கு பிழையானதன்று. அதற்காகத் தமிழைக் கொடுக்க வேண்டும் என்று எண்ணுவதுதான் பிழை.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் தமிழ் பேசுங்கள்; முடிந்தவரை முழு வாக்கியமாகப் பேசுங்கள். “ஸ்லோவா” என்பதற்குப் பதில் “மெதுவாக” என்று சொல்லுங்கள். வாரத்தில் ஒரு நாள் பத்து நிமிடம் பிள்ளையோடு உட்கார்ந்து, ஒரு தமிழ்ப் பத்தியில் வரும் ‘ஆன’, ‘ஆக’ எல்லாவற்றையும் அடிக்கோடிடச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலச் சொல்லை எழுதச் சொல்லுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எது பெயரோடு சேர்கிறது, எது வினையோடு சேர்கிறது என்பதைச் சொல்ல உங்கள் தமிழ் போதும். “எனக்கு என்ன தெரியும், நான் எப்படிப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பேன்” என்று ஒதுங்கி நிற்கும் தாய்மார்களுக்கு இதை முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன்.

சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பையும் ஆங்கிலப் பயிற்சி வகுப்பையும் தனித்தனியாக நடத்துகிறோம். பெற்றோர் இரண்டாவதற்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு முதலாவதை விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்கலாமே? பெயரடை, வினையடை என்னும் இப்பாடத்தை ஒரே பலகையில் இடப்பக்கம் தமிழிலும் வலப்பக்கம் ஆங்கிலத்திலும் எழுதி நடத்தலாம். இதுபோலவே வேற்றுமை உருபுகளையும் ஆங்கில முன்னிடைச் சொற்களையும், காலம் காட்டும் வடிவங்களையும் ஒப்பிட்டு நடத்தலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நம் சங்கங்களில் பலர் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பாடம் என்று எடுத்துக்கொண்டால் ஓராண்டில் ஒரு சிறு கைந்நூலே உருவாகிவிடும்.

பயந்துகொண்டு என்னிடம் வந்த அந்தத் தாய்க்கு நான் சொன்னதையே வாசக அன்பர்களுக்கும் சொல்கிறேன். பிள்ளையின் ஆங்கிலம் வீட்டுத் தமிழால் கெடாது. எந்த இடத்தில் தமிழும் ஆங்கிலமும் ஒத்துப்போகின்றன, எந்த இடத்தில் பிரிகின்றன என்று யாரும் எடுத்துச் சொல்லாததால்தான் பிள்ளை தடுமாறுகிறது. அதைச் சொல்லித்தருவது நம்மால் ஆகக்கூடிய காரியம். வரும் கோடை விடுமுறையிலேயே நம் சங்கங்களில் இதைத் தொடங்குவோம் என்று கேட்டுக்கொள்கிறேன். இது குறித்து ஆசிரியப் பெருமக்களும் பெற்றோர்களும் தம் அனுபவங்களை நம் இதழுக்கு எழுதினால் பெரிதும் பயனாக இருக்கும்.